மேல்சோறு

ஈயம் பூசுகிற உசேனுக்குப் பென்னாகரம் வட்டாரத்தில் இருந்த பேர் கொஞ்சநஞ்சம் இல்லை. ஏரியூரிலிருந்துகூட ஆட்கள் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து நிற்பார்கள். பாய் பூசின பாத்திரத்தில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பார்கள் பெண்கள். அதெல்லாம் நிஜம்தான். ஆனால் அவர் சம்சாரம் குல்ஷனிடம் மட்டும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. எடுத்தால், பிரியாணி ஆக்குகிற தன்னுடைய செம்பு தேக்சாவைத் தூக்கிவந்து முன்னால் வைப்பாள். உள்ளே ஈயமெல்லாம் தேய்ந்து, அடியில் செம்பு பல்லை இளித்துக்கொண்டிருக்கும்.

பக்ரீதுக்கு முன்னாலிருந்தே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்; அவரும் "பூசறேன், பூசறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் பாத்திரம் காத்துக் கிடக்கும்போது சொந்த வீட்டுப் பாத்திரத்தை உலையில் ஏற்ற மனுஷருக்குக் கை வராது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பெருமையை வைத்துக்கொண்டு தயிரும் தக்காளியும் போட்டு ஆக்க முடியுமா என்று குல்ஷன் கேட்பாள். வீட்டில் அவர்கள் பேசுவது உருதும் தமிழும் கலந்த பேச்சு. கோபம் வந்தால் குல்ஷனுக்குச் சுத்தமாகத் தமிழ்தான் வரும்.

எழுபத்திரண்டாம் வருஷம் சித்திரையில் பொம்மிடியிலிருந்து ஒரு சேதி வந்தது. கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடும் சலாவுதீன், தன் கடைசி மகன் நசீருதீனுக்கு இவர்கள் மகள் வஹிதாவைக் கேட்கிறாராம். பையன் மரக்கடையில் கணக்கு எழுதுகிறான், வெற்றிலைகூடப் போடமாட்டான். குல்ஷனுக்குத் தூக்கம் போயிற்று. வஹிதாவுக்கு முன்பு வந்த இரண்டு இடமும் ஒன்றுமில்லாத காரணத்துக்குத் தட்டிப்போயிருந்தன. ஒரு வீட்டார் பெண் ரொம்ப உயரம் என்றார்கள், இன்னொரு வீட்டார் பெண் சத்தமாகச் சிரிக்கிறாள் என்றார்கள். சிரிக்காமல் பின்னே அழுவாளா? ஆனால் இந்த இடமும் நழுவினால் தெருவில் என்ன பேசுவார்கள் என்பது குல்ஷனுக்குத் தெரியும். இது கூடி வர வேண்டும். அல்லாவிடம் அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

சலாவுதீனின் மனைவி ஜான் பீ ஒரு நிபந்தனையும் சொல்லி அனுப்பியிருந்தாள். மூத்த மருமகள்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குள் வைத்துத்தான் பார்த்தாளாம், அந்தத் தப்பை மறுபடி செய்யமாட்டாளாம். "பாயில உக்காத்தி வச்சி முக்காடு போட்டுக் காட்டுனா எல்லாப் பொண்ணும் நல்ல பொண்ணுதான்" என்றாளாம். ஒகேனக்கல்லுக்குப் போவோம், ஆற்றோரமாக நடப்போம், பெண் தன் கையால் ஆக்கின சோற்றை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவோம், அப்புறம் சொல்கிறேன் என்று சேதி. பெண்ணின் கைச்சோறு தின்ற பிறகுதான் பையனின் தாய் வாய் திறப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம்.

முந்தின நாள் சாயந்திரம் கடையிலிருந்து வந்த உசேன் முன்னால் குல்ஷன் தேக்சாவை டங்கென்று வைத்தாள்.

"நாளைக்கு இதுலதான் பிரியாணி. இத்தினி பேருக்கு ஆக்க வேற பாத்திரம் இல்ல. இப்பவாச்சும் பூசுங்க."

"உலைய அணைச்சிட்டு வந்துட்டேனே" என்றார் உசேன். தேக்சாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "ஓரமெல்லாம் வெள்ளை நிக்குது பாரு. ஒரு நாளைக்குத் தாங்கும்."

"தயிரு, தக்காளி, எலுமிச்சம்பழம் எல்லாம் வுழுமே? புளிப்பு பட்டா செம்புல களிம்பு ஏறி வெசமாயிருமே?"

"ஈயம் உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"அப்ப கடையில பூசி வச்சிருக்கறதுல ஒண்ணு எடுத்தாங்க."

"அடுத்தவன் பாத்திரத்துலயா? ஹராம்! நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்கான்."

அத்தோடு குல்ஷன் வாயை மூடிக்கொண்டாள். மற்ற எந்த விஷயத்திலும் அவரை ஒரு பிடி பிடித்திருப்பாள். ஆனால் ஈயத்தைப் பற்றி ஊரே அவரைத்தான் கேட்கிறது, அவள் மட்டும் என்ன சொல்லிவிட முடியும்?

விடியலிலேயே வஹிதா அடுப்பு மூட்டினாள். குல்ஷன் பக்கத்தில் உட்கார்ந்து உப்பு, உப்பு என்று நச்சரித்ததோடு சரி, கரண்டியைத் தொடவில்லை. தம் போட்டு இறக்கினபோது வாசனை தெருக்கோடி வரைக்கும் போயிற்று. எதிர்வீட்டு ஜானகியம்மாள் வேலியோரம் வந்து, "என்னடி வஹிதா, மாப்ள வூட்டுக்காரங்க இன்னிக்கே கூட்டிட்டுப் போயிருவாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். தேக்சாவைத் தட்டால் மூடி, மேலே துணி போட்டுக் கட்டினார்கள்.

பொம்மிடியிலிருந்து சலாவுதீனும் ஜான் பீயும் மட்டும் வந்து பென்னாகரத்தில் சேர்ந்துகொண்டார்கள்; பையன் வரவில்லை. பஸ் மலையிறங்கும்போதே வெயில் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் மூங்கில் காய்ந்து கிடந்தது. உசேன் தேக்சாவைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சலாவுதீன், ஆள் நல்ல பருமன், வாயைத் திறந்தாலே வேடிக்கைப் பேச்சு. தன் பாத்திரங்களை இதுவரைக்கும் சேலத்துக்கு அனுப்பித்தான் ஈயம் பூசுவதாகவும், சம்பந்தி வீட்டிலேயே உலை இருக்கும்போது இனி எதற்குச் சேலம் என்றும் அவர் சொல்ல, உசேனின் மீசை ஒரு அங்குலம் மேலே போனது. முன்சீட்டில் ஜான் பீ ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வெளியே பார்ப்பது போல வஹிதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு, கூர்மையான கண்.

பஸ்ஸை விட்டிறங்கி, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களையும் மீன் பொரிக்கிற கடைகளையும் தாண்டி ஆற்றோரமாகத் தண்ணீர் வருகிற மேல்பக்கம் நடந்தார்கள். கோடையில் தண்ணீர் இறங்கிப்போய்ப் பாறையெல்லாம் வெளியே கிடந்தது. ஓடுகிற தண்ணீர் மட்டும் சில்லென்று இருந்தது. மக்கள் நடமாட்டம் குறைந்ததும் பெண்கள் புர்கா முகத்திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். குல்ஷன் அந்தக் காற்றை முகத்தில் வாங்கினாள். அட, எத்தனை நாளாச்சு! பதினாறு கிலோமீட்டரில் ஆற்றை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அடுப்படியிலேயே கிடக்கிறோமே என்று தோன்றியது.

ஜான் பீ சும்மா நடக்கவில்லை. "என் பையைக் கொஞ்சம் புடிம்மா" என்று வஹிதாவிடம் ஒன்றைக் கொடுத்தாள். கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்றைக் கொடுத்தாள். ஒரு மேட்டைக் காட்டி, "அங்கருந்து பாத்தா அருவி தெரியுமா, ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள். வஹிதா இரண்டு பையோடும் விறுவிறுவென்று ஏறினாள். மேலேயிருந்து, "தெரியுது மாமி! பொகை மாதிரி தெரியுது!" என்று கத்தினாள். மலை அதைத் திருப்பிச் சொல்லவே கலகலவென்று சிரித்தாள்.

"துள்ளாம எறங்குடி" என்று குல்ஷன் கீழேயிருந்து பல்லைக் கடித்தாள்.

"இருக்கட்டும், காலு நல்லா இருக்கு" என்றாள் ஜான் பீ. பாராட்டா, பரிசோதனையா என்று குல்ஷனுக்கு விளங்கவில்லை.

உச்சிப்பொழுதுக்கு ஒரு நாவல் மரத்து நிழலில் மணல்மேல் ஜமக்காளம் விரித்தார்கள். சலாவுதீன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "பஸ்ஸுலயே எனக்கு அந்த வாசனை வந்திருச்சு, இனிமே தாங்காது" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வஹிதா தையல் இலைகளைக் கழுவிக் கொடுத்துவிட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொண்டுவரப் போனாள். குல்ஷன் தேக்சாவைத் தன் பக்கமாக நகர்த்தி, துணியை அவிழ்த்துத் தட்டைத் தூக்கினாள்.

வாசனை வந்தது. ஆனால் அதோடு கூட இன்னொன்றும் வந்தது. செப்புக்காசை உள்ளங்கையில் ரொம்ப நேரம் இறுக்கிப் பிடித்தால் வருமே, அந்த வாடை. கரண்டியை ஓரத்தில் விட்டுக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். பாத்திரத்தை ஒட்டியிருந்த சோறு பச்சை பாரித்துப் போயிருந்தது. களிம்பு ஏறிவிட்டது!

உசேனும் எட்டிப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. குனிந்து அவள் காதோடு, "மேல இருக்கற சோறு செம்புல படல. மேலாப்புல அள்ளிப் போடு" என்றார்.

அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லத் தெரியும். நிழலில் உட்கார்ந்துகொண்டு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த நேரத்தில் அவள் கண்ணுக்கு முன்னால் நின்றது மகளின் கல்யாணம் ஒன்றுதான். மேல்சோறாகப் பார்த்து அள்ளினாள். விருந்தாளிகள் இரண்டு பேர் இலையிலும் வைத்தாள். வெங்காயப் பச்சடியை அதன் தலையில் ஊற்றினாள்.

சலாவுதீன் இரண்டு கவளம் உள்ளே தள்ளினார். மூன்றாவதற்குக் கையை விட்டு இலையெல்லாம் துழாவினார்.

"என்னாங்க பாய், கறியக் காணோம்? ஆடு ஆத்துல எறங்கிருச்சா?"

கறியெல்லாம் அடியிலல்லவா கிடக்கிறது!

"மொதல்ல சோறு, அப்பறமா கறி" என்றார் உசேன்.

"இது எந்த ஊரு பழக்கம்?"

"சும்மா, ஒரு இதுக்கு…" என்று உசேன் இழுத்தார். ஜான் பீ ஒன்றும் கேட்கவில்லை. இலையிலிருந்து ஒரு கவளத்தை எடுத்து உருட்டிக்கொண்டே குல்ஷனையும் தேக்சாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதற்குள் வஹிதா சொம்போடு வந்துவிட்டாள். "என்னம்மா, கறி வெக்கலயா? கொண்டா, நான் கெளறிப் போடறேன்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டாள். குல்ஷன் தடுப்பதற்குள் கரண்டி அடிவரைக்கும் போய் வெளியே வந்தது. கறித்துண்டோடு பச்சைச் சோறும் வந்தது. வஹிதா உற்றுப் பார்த்தாள். ஒரு சோற்றை நாக்கு நுனியில் வைத்தாள், உடனே தூவென்று துப்பினாள். நிமிர்ந்து பார்த்தால் ஜான் பீயின் கை வாய்க்குப் பக்கத்தில் போயிருந்தது.

வஹிதா கரண்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, வேணாம்! வாயில வெக்காதீங்க! மாமா, நீங்களும் துப்பிருங்க!"

ஜான் பீயின் கவளம் மடியில் உதிர்ந்தது.

"என்னா ஆச்சு?" என்றாள் ஜான் பீ.

வஹிதா தேக்சாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது குல்ஷனுக்குத் தெரிந்தது. பெண் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் மாமி. ஆக்கறப்ப என்னமோ தப்பு பண்ணிட்டேன். சோறு கெட்டுப்போச்சு" என்றாள்.

அடிப் பாவி மகளே! கைச்சோறு பார்க்க வந்தவளிடம் என் கைச்சோறு கெட்டது என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டாளே. குல்ஷன் தன் புருஷனைப் பார்த்தாள். உசேன் எதிரில் இருந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் "தப்பு என்னுது" என்று அந்த வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. இப்போது சொன்னால் சலாவுதீன் பாத்திரங்கள் சேலத்துக்கே போகும், ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கும். சொல்லாவிட்டால் வஹிதாவின் கல்யாணம் போய்விடும். சொல்லுங்களேன், சொல்லித் தொலையுங்களேன் என்று அவள் உள்ளுக்குள் கத்தினாள்.

"பொண்ணு மேல தப்பு இல்லீங்க" என்றார் உசேன். "அவ தங்கமாத்தான் ஆக்குனா. பாத்திரம் கெட்டது. உள்ள ஈயம் போயி மாசக்கணக்காவுது. இவ தெனமும் பூசச் சொல்லிக் கேட்டா. நேத்துகூடக் கேட்டா. நான்தான் தாங்கும்னு சொன்னேன். ஊருக்கெல்லாம் பூசறவன் என் வூட்டுக்குப் பூசல. அதாங்க நடந்தது."

சலாவுதீன் மெதுவாக வயிற்றைத் தடவினார். "அப்ப நான் துன்ன ரெண்டு கவளம்?"

"அது மேல்சோறுங்க. ஒண்ணும் பண்ணாது. எதுக்கும் தண்ணி நெறைய குடிச்சிருங்க."

மனுஷர் சட்டென்று எழுந்து ஆற்றுக்கு ஓடினார். அவர் ஓடின வேகத்தைப் பார்த்து வஹிதாவுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சலாவுதீன் தண்ணீர் குடித்துக் குடித்து நிமிர்ந்து, "சிரி சிரி, மாமன் செத்தா கறிச்சோறு ஆக்கு, ஆனா வேற பாத்திரத்துல ஆக்கு" என்றார். அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள், ஜான் பீயைத் தவிர. அவள் தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மரத்தில் குரங்குகள் காத்திருந்தன. அதுகளுக்கும் ஆகாது என்று உசேன் ஆற்றை விட்டு எட்டப் போய் ஆழமாகக் குழி தோண்டி, அவ்வளவு பிரியாணியையும் கொட்டி மூடினார். தோண்டும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. குல்ஷன் பக்கத்தில் போய் நின்றாள். திட்டுவதற்கு ஒரு வண்டி வார்த்தை இருந்தது, ஆனால் அவர் வேர்த்து வழிவதைப் பார்த்ததும் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். "வுடுங்க, சொல்லிட்டீங்க இல்ல" என்றாள். அவர் மண்ணைத் தள்ளிக்கொண்டே தலையாட்டினார்.

பசி சும்மா விடுமா? கொஞ்சம் கீழே பரிசல் ஓட்டுகிற கிருஷ்ணப்பனின் குடிசை இருந்தது. அவன் பெண்சாதி குள்ளம்மாளிடம் அன்று பிடித்த மீன் இருந்தது, ராகிக் களி இருந்தது. நடந்ததைக் கேட்டதும் குள்ளம்மாள், "மண்சட்டில ஆக்கியிருந்தா இந்தக் கெரகம் உண்டா?" என்று பெரிய மனுஷி போல ஒரு திட்டுத் திட்டிவிட்டு, அடுப்பையும் சட்டியையும் வஹிதாவிடம் விட்டாள். வஹிதா மிளகாயும் உப்பும் தடவி மீனைப் பொரித்தாள். களியும் மீனும் சுடச்சுட இலைக்கு வந்தன. சலாவுதீன் செத்துப் பிழைத்தவர் சாப்பிடுகிற மாதிரியே சாப்பிட்டார். ஜான் பீயும் முள் மட்டும் மிஞ்சும்படி சாப்பிட்டாள். எழுந்தாள். கை கழுவினாள். எதுவும் சொல்லவில்லை.

வழக்கப்படி அப்போது சொல்லியிருக்க வேண்டும். குல்ஷன் காத்திருந்தாள். ஜான் பீ சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வஹிதாவின் தோளைப் பற்றித் தண்ணீரில் இறங்கினாள். இருவரும் பாறைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு என்னவோ பேசினார்கள். போச்சு, சமாதானமாகப் பேசி அனுப்பப் போகிறாள் என்று குல்ஷன் நினைத்தாள். ஆனாலும் தண்ணீர் அவளையும் விடவில்லை. அவளும் போய்க் காலை நனைத்தாள். நாள் வீணானாலும் ஆறு வீணாகவில்லை என்று அந்தச் சில்லிப்பில் ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்தாள்.

திரும்பி நடந்து, சாயந்திர பஸ்ஸில் ஏறினார்கள். உசேன் காலித் தேக்சாவோடு கடைசி சீட்டுக்குப் போனார். வஹிதா ஜன்னலோரத்தில் உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டாள். ஜான் பீ வந்து குல்ஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் மலையேறத் தொடங்கியதும் கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டில் வஹிதாவின் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது.

"பாரு, என்னா புடி புடிச்சிருக்கா."

"மன்னிச்சிருங்க அக்கா, சின்னப் பொண்ணு…"

"எனக்கு ரெண்டு மருமவளுங்க இருக்காளுங்க. கெட்ட சோறுன்னு தெரிஞ்சா அவளுங்க துன்னமாட்டாளுங்க. எனக்குப் போட்டுட்டுப் பேசாம நிப்பாளுங்க. இவ, தன் கல்யாணம் போயிரும்னு தெரிஞ்சும் என் கையைப் புடிச்சிட்டா."

குல்ஷனுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியிலேயே நின்றது. ஜான் பீ அவள் காதுக்குக் கிட்டத்தில் குனிந்திருந்தாள்.

"நீயும் மேலாப்புலதான அள்ளிப் போட்ட? பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

குல்ஷன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜான் பீ அதில் ஒரு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எதுக்கு நடுங்கற? உன் எடத்துல நான் இருந்தாலும் அதான் பண்ணியிருப்பேன். நாம ரெண்டு பேரும் ஒரே ரகம். அவ நம்ம மாதிரி இல்ல. அதான் கேக்கறேன். எம் பையனுக்குக் குடு."

குல்ஷனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷம்தான், வெட்கமும் இருந்தது, எது எவ்வளவு என்று யார் பிரிக்க முடியும்? எதிர் சீட்டில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். இவளா என் வயிற்றில் பிறந்தவள் என்று இருந்தது.

"குடுத்துட்டேன் அக்கா" என்றாள்.